சக்கரவர்த்தி அண்ணன் கட்டிய கடல்

எங்கள் சந்தில் சாமிகளைக் கண்ணாடிக்குள் குடிவைக்கிற ஆள் சக்கரவர்த்தி அண்ணன். திருமஞ்சன கோபுர வீதியிலிருந்து பிரிகிற சந்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. நடுவில் ஒரு தகரத் தட்டிதான். அவர் கண்ணாடி அறுக்கிற சத்தமும் என் மிஷின் சத்தமும் பல வருஷமாகச் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு, பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சட்டம் போட்டு, பின்பக்கம் அட்டை வைத்து, ஆணி அடித்து, எல்லாம் முடிந்த பிறகு படத்தைத் தெரு வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். உள்ளே ஒரு முடி தெரிந்தால் போச்சு, மறுபடி ஆணியைப் பிடுங்குவார். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டத்தில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். "பஸ்சு போயிடும்ங்க" என்று பதறுவார்கள். "சாமி மூஞ்சில தூசியோட வூட்டுக்குப் போவாதும்மா" என்பார், அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க வேண்டுமானால் நாம்தான் கேட்க வேண்டும். கேட்காமல் எதையும் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குக் கடல் பிடித்துக்கொண்டது ஒரு பல் டாக்டரால். அந்த டாக்டர் தன் கிளினிக்கில் வைத்திருந்த மீன் தொட்டியின் முன்கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. மாற்றித் தரச் சொல்லிக் கொண்டுவந்து போட்டார். பிறகு அவரே வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். போனில் கேட்டதற்கு, "நீங்களே வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டாராம்.

சாதாரணத் தொட்டி இல்லை அது. பின்பக்கச் சுவர் கறுப்புக் கண்ணாடி. அந்தச் சுவருக்குப் பின்னால் ஒடுக்கமாக ஓர் அறை, அதற்குள் தடுப்பு வைத்து மூன்று பாகம். கறுப்புச் சுவரின் மேல்விளிம்பில் ஓரிடத்தில் சீப்புப் பல் மாதிரி வெட்டியிருந்தது. முன்பக்கத்துத் தண்ணீர் அந்தப் பல் வழியாகத் ததும்பிப் பின்னால் விழும். முதல் பாகத்தில் பஞ்சும் கரிப் பையும், அடுத்ததில் ஓட்டை ஓட்டையான கல், கடைசியில் ஒரு சின்ன மோட்டார். அது சுத்தமான தண்ணீரை மறுபடி முன்னால் தள்ளும்.

"முன்னாடி கூடம், பின்னாடி சமையல்கட்டு. வர்றவங்களுக்குக் கூடம்தான் தெரியும். வேலையெல்லாம் சமையல்கட்டுலதான்" என்றேன்.

அண்ணன் சிரித்தார். அன்று முதல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார், என் பேரைச் சொல்லாமல்.

புதுக் கண்ணாடி அறுத்து ஒட்டினார். சந்து முழுக்கப் புளித்த பசை வாசனை. அது காய்ந்ததும் வெறும் தண்ணீரை நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து, ஈரம் படுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். படவில்லை. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மணலைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். சென்னைக்குப் போய் உப்பு வாங்கி வந்தபோதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணா, உப்புக்குப் போயா மெட்ராஸ் போனீங்க? மரக்காணத்துலேர்ந்து கல்லுப்பு லாரி லாரியா வருது. ரெண்டு மூட்டை வாங்கிக் கொட்னா முடிஞ்சுது."

"கடல்ல வெறும் உப்பு மட்டுமா கீது? இன்னும் என்னென்னமோ கீதாம். எல்லாம் அளவா கலந்து விக்கிறாங்க."

கேன் தண்ணீரில் அந்த உப்பைக் கரைத்தார். ஒரு சின்னக் குழலின் நுனியில் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்க்கப் பிடித்து என் கண்ணருகே நீட்டினார். மேலே நீலம், கீழே வெள்ளை, இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு. கோடு நிற்கிற இடம்தான் கடலின் உப்பு என்றார். ஒரு சொட்டுக்குள் கடலின் அளவு தெரிகிறது என்பதை நான் நம்ப மறுத்து, இரண்டு தடவை வாங்கிப் பார்த்தேன்.

மோட்டாரைப் போட்ட அன்று தண்ணீர் மெல்ல மேலே ஏறி, சீப்புப் பல்லைத் தொட்டு, பின்னால் இறங்கியது. பின்னால் இறங்கியது முன்னால் வந்தது. யாரும் கை வைக்காமல் அது தன்னைத்தானே கழுவிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் கூத்து. மீன் வாங்கவில்லை மனிதர். ஒரு துண்டு இறாலை உள்ளே போட்டு அழுக விட்டார். ஏன் என்று கேட்டேன். அழுகினால் தண்ணீரில் விஷம் வரும், அந்த விஷத்தைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பின்னறைக் கல்லில் தானாக வந்து சேரும், அவை வந்த பிறகுதான் மீன் என்றார். வாரக்கணக்கில் வெறும் தண்ணீரும் கல்லும். கீழ்பென்னாத்தூரிலிருந்து முருகன் படம் வாங்க வந்த ஓர் அம்மா ரொம்ப நேரம் தொட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, தண்ணிக்குச் சட்டம் போட்டு வெச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் பேப்பர் மிஷினில் சிக்கிக்கொண்டது.

ஆனால் சொல்கிறேன், அவர் தினமும் ஒரு குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பார். விஷம் இருந்தால் பச்சை. பச்சை, பச்சை, ஒரே பச்சை. ஒருநாள் மஞ்சள். யாரும் கூப்பிடாமல், யாரும் கொண்டுவந்து விடாமல், எங்கிருந்தோ வந்த உயிர்கள் அந்தக் கறுப்புச் சுவருக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்து வேலையை முடித்திருந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கிண்டலை அன்றோடு நிறுத்தினேன்.

அப்புறம் பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்த இரண்டு ஆரஞ்சு மீன்கள் வந்தன. கூடவே ஓர் இறால்.

அந்த இறாலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விரல் நீளம்கூட இல்லை. முதுகில் சிவப்புப் பட்டை, பட்டையின் நடுவே வெள்ளைக் கோடு. வெள்ளை மீசை உடம்பைவிட நீளம். மீன் அதனிடம் போய் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அது மீன் வாய்க்குள் கையை விட்டு அழுக்கை எடுக்கும். மீன் வாயை மூடாது! பல் டாக்டரின் தொட்டிக்குச் சரியான வாடகைக்காரர்தான். ஆதார் ஜெராக்ஸுக்கு வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு நான் அங்கே நின்றேன்.

அண்ணனின் மனைவி மணிமொழி அண்ணி அதுவரை தொட்டியைச் சட்டை செய்ததே இல்லை. வீடு கடைக்குப் பின்சந்தில். மதியம் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவருவார், வைப்பார், போவார். இறால் வந்த பிறகு கேரியர் சீக்கிரம் வர ஆரம்பித்தது. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் அண்ணன் சொல்லி, கையைத் தண்ணீருக்குள் விட்டார். இறால் கல்லிலிருந்து இறங்கி வந்து, அவர் விரலில் ஏறி, நகக்கண்ணை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தது. "ஐயோ, கூசுதுங்க!" என்று கத்தினார். கையை மட்டும் எடுக்கவில்லை. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான புதிதில் ராமேஸ்வரம் போய் வேண்டிக்கொண்டு வந்தார்கள். அண்ணி கடலைப் பார்த்தது அந்த ஒரே தடவைதான். வீட்டிலிருந்து கொண்டுபோன தாமிரச் சொம்பில் கடல் தீர்த்தத்தை மொண்டு, வாயை மெழுகால் அடைத்துக் கொண்டுவந்து சாமி அலமாரியில் வைத்தார். குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்று உடைத்துத் தெளிப்பதற்கு. பேர்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள் என்று அண்ணன் ஒருமுறை சொன்னார். என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. அது கேட்கிற விஷயமா? வெள்ளிக்கிழமைதோறும் அண்ணி அந்தச் சொம்பை வெளியே துடைத்து, பொட்டு வைத்து, திரும்ப அதே இடத்தில் வைப்பார்.

அண்ணன் கையில் ஒரு தாமிரக் காப்பு உண்டு. தொட்டிக்குள் கை விடுவதற்கு முன் அதைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். ஒரு நாளும் தவறியதில்லை. "பூசைக்கு நிக்கிற மாதிரி எவ்ளோ சுத்தமா செய்றாரு பாரு" என்பார் அண்ணி. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏன் கழற்றுகிறீர்கள் என்று நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை.

மாசாந்திரக் கரண்ட் நிறுத்தம் வந்த அன்று இறாலைக் காணவில்லை. முந்தின நாளே அது கண்ணில் படவில்லை என்று அண்ணி புலம்பிக்கொண்டிருந்தார். "கல்லு இடுக்குல எங்கனா இருக்கும்" என்றார் அண்ணன். காலையில் மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் மாற்றுவதற்காக முன்பக்கத்திலிருந்து ஒரு பக்கெட் மொண்டு கொட்டினார். புதுத் தண்ணீர் டிரம்மில் தயாராக இருந்தது. ஊற்றுவதற்கு முன் அதைச் சின்ன மோட்டார் விட்டுக் கலக்க வேண்டுமாம். அதற்குள் கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்தால் தானாக ஓடட்டும் என்று மோட்டார் சுவிட்சைப் போட்டு வைத்தார். மீனுக்கு மூச்சுக்காகப் பேட்டரியில் ஓடுகிற காற்றுக் குழாயைப் போட்டுவிட்டு, ஒரு சத்திரத்தில் கண்ணாடி மாட்டப் போய்விட்டார்.

கரண்ட் இல்லாத ஜெராக்ஸ்காரிக்கு என்ன வேலை? நான் வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி வந்தார். தண்ணீர் மட்டம் இரண்டு விரல் இறங்கி, விளக்கில்லாமல் தொட்டி இருண்டு கிடந்தது. மீன்கள் ஒரு மூலையில் ஒண்டியிருந்தன. இறால் இல்லை. கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்குப் போனவர் அந்தச் சொம்போடு திரும்பி வந்தார்.

"அண்ணி, இது…" என்றேன்.

"இருக்கட்டும் அருணா. அதுவும் கடல்லேர்ந்துதானே வந்துது. அதோட வூட்டுத் தண்ணி இது."

மெழுகைச் சுரண்டி எடுத்தார். மலை இருக்கிற பக்கம் திரும்பி ஒருமுறை சொம்பை உயர்த்திவிட்டு, அத்தனையையும் தொட்டியில் ஊற்றினார். இத்தனை வருஷம் எதற்காகவோ காத்திருந்த தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போனது. இதைவிடப் பெரிய காரியத்தை இந்தச் சந்தில் யாரும் செய்ததில்லை என்று நினைத்தேன்.

அண்ணன் வந்ததும் முதலில் பார்த்தது மேசை மேலிருந்த சொம்பைத்தான். தூக்கி உள்ளே பார்த்தார். உள்ளெல்லாம் பச்சைக் களிம்பு.

"இதுல இருந்தது எங்க, மொழி?"

"தொட்டில ஊத்திட்டேங்க" என்றார் அண்ணி, ஆசையாக.

அவர் நின்ற நிலையைப் பார்த்து நான் எழுந்துவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். "கரண்ட் வந்துச்சா நடுவுல?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். பாய்ந்துபோய் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினார்.

"அருணாம்மா, உங்க பக்கெட்டு எல்லாம் குடுங்க."

கொடுத்தேன். பின்னறையிலிருந்து குவளை குவளையாக ஒரு பக்கெட்டுக்குத் தண்ணீர் எடுத்து, மீன்களை அதில் விட்டார். பிறகு முன்பக்கத்துத் தண்ணீர் முழுவதையும் மொண்டு மொண்டு தெருச் சாக்கடையில் கொட்ட ஆரம்பித்தார். நானும் மொண்டேன். அத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கடல் சந்தில் ஓடியது.

"இன்னாங்க ஆச்சு?" என்றார் அண்ணி.

"ஒண்ணுமில்ல. மோட்டார்ல ஆயில் வந்துட்ட மாதிரி கீது."

"பொய் சொல்லாதீங்க."

அண்ணன் மொள்வதை நிறுத்தவில்லை. "நான் ஊத்துனதாலயா?" என்று அண்ணி மறுபடி கேட்டார். இந்த மனிதருக்குக் கேட்டால் சொல்லாமல் இருக்கவும் தெரியாது.

"தாமிரம் இறாலுக்கு ஆவாது மொழி. துளி பட்டாலும் தாங்காது. அதான் நான் காப்பைக் கழட்டுறது. ரொம்ப வருஷம் உள்ளயே இருந்ததால சொம்புலேர்ந்து அவ்ளோவும் தண்ணில எறங்கியிருக்கும்."

"விஷமா?"

அண்ணன் பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"இத்தினி வருஷமா நான் பொட்டு வெச்சிக்கினு இருந்தது விஷத்துக்கா?"

சந்தில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எனக்கும் அண்ணனுக்கும் அண்ணியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அண்ணன் கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கடைசிக் கல்லுக்கு அடியில் மணல் மேல் அது கிடந்தது. சிவப்புப் பட்டை, வெள்ளைக் கோடு, மடங்கிய கால்கள், நீள மீசை. அசைவில்லை.

அண்ணி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. முந்தானையில் அதை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அண்ணன் தொட்டியைத் துடைத்தார். டிரம்மிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கற்களை அலசி அடுக்கினார். மீதி உப்புத் தண்ணீரைக் கட்டையால் கலக்கி ஊற்றினார். "அவ நல்லதுக்குத்தான் செஞ்சா. நான் ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கணும்" என்று தனக்குத்தானே சொன்னார். மீன்களை விடுவதற்கு முன் புதுக் கரிப் பை வைக்கலாம் என்று பின்னறையின் மூடியைத் திறந்து, செல்போன் விளக்கை அடித்தார்.

அடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அருணாம்மா. இங்க வாங்க."

கறுப்புச் சுவருக்குப் பின்னால், கற்கள் இருக்கிற நடுப் பாகத்தில், விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கண்கள் மின்னின. அதற்குக் கீழே சிவப்புப் பட்டை, வெள்ளைக் கோடு. மீசை ஆடியது. உயிரோடு ஆடியது. உடம்பு முன்பைவிடப் பளிச்சென்று, அப்போதுதான் பிறந்த மாதிரி இருந்தது.

"அப்போ அண்ணி எடுத்துக்கினு போனது?"

அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டார். "தோலு. பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி இதுவும் உரிக்கும்னு மெட்ராஸ்ல கடைக்காரர் சொன்னாரு. மீசை மொதக்கொண்டு உரிச்சிடுமாம். உடம்பு மெத்துனு இருக்கும்னு பயந்து எங்கனா ஒளிஞ்சிக்குமாம். நான்தான் மறந்துட்டேன்."

தோலை உரித்துப் போட்டுவிட்டு, சீப்புப் பல்லின் மேலே ஏறி, யாருக்கும் தெரியாமல் சமையல்கட்டுக்குப் போய் ஒளிந்திருக்கிறது. காலையில் அவர் ஒரு பக்கெட் மொண்டதால் முன்பக்கத்துத் தண்ணீர் பல்லுக்குக் கீழே இறங்கிவிட்டது. மோட்டார் ஓடவில்லை. அண்ணி ஊற்றியது முன்னாலேயே நின்றுவிட்டது. பின்னால் ஒரு துளி போகவில்லை. நடுவில் கரண்ட் வந்து மோட்டார் ஓடியிருந்தால்? நான் பெரிதாகச் சாமி கும்பிடுகிறவள் இல்லை. ஆனால் அந்த ஒடுக்கமான இருட்டுக்குள் பார்த்தபோது கை தானாகக் குவிந்தது.

அண்ணியைக் கூப்பிட நான்தான் ஓடினேன். உள்ளங்கையில் அந்தத் தோலோடு சாமி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அலமாரியில் சொம்பு இருந்த இடம் மட்டும் வட்டமாக நிறம் மாறியிருந்தது. "வாங்க" என்றேன். "எதுக்கு?" என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். என் அவசரத்தில் அவர் செருப்புக்கூடப் போடவில்லை.

அண்ணன் விளக்கைப் பிடித்தார். அண்ணி குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. கையில் இருந்த தோலைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார்.

"இது அதுங்களா?"

"அதேதான்."

"நான் ஊத்துனது?"

"அது மேல படல. ஒரு சொட்டு படல மொழி."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு காலியாக இருந்த சொம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னறையின் இருட்டுக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோனார். குழந்தையின் காதில் சொல்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

"கவிநிலா."

அந்தப் பேரை நான் அதுவரை கேட்டதில்லை. அண்ணன் கேட்டிருக்கிறார் என்பது அவர் கையிலிருந்த விளக்கு ஆடியதில் தெரிந்தது.

"கவிநிலா" என்றார் மறுபடி. பேர் வைக்கும்போது மூன்று தடவை சொல்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மூன்றாவது தடவை அண்ணனும் குனிந்து, கூடச் சேர்ந்து சொன்னார்.